ஐந்தாம் படுக்கையின் பாட்டுச் சீட்டு

இதைப் படித்துவிட்டு, "டியூட்டி பார்க்கிற பொம்பளை, அரைத் தூக்கத்தில் எதையோ கண்டு மிரண்டிருக்கிறாள்" என்று சொல்லத் தயாராக இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. இது நடந்தது ராத்திரியில் இல்லை. சாயங்காலம் ஆறு இருபதுக்கு. எட்டு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை மெஷினில் விட்டு, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்கே அனுப்புகிற வேலை. கையில் இரண்டு ஊசி குத்துவோம். ஒன்றில் ரத்தம் வெளியே போகும். இன்னொன்றில் உள்ளே வரும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை. அந்த நாலு மணி நேரமும் ஆளைக் கட்டிப்போட்ட மாதிரிதான். அவசரம் என்று எழுந்து ஓட முடியாது. மெஷினில் இருக்கிற ரத்தத்தை உள்ளே அனுப்பி முடிக்கவே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

என் ஷிப்ட் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை. ஐந்து படுக்கை, நாலு பேர். ஒன்றாம் படுக்கையில் லாரி அண்ணன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இரண்டில் கணக்கு வாத்தியார். மூன்றில் பேக்கரி அக்கா. நாலில் தையல்காரர். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஜன்னலோரம் இருந்த ஐந்தாம் படுக்கை காலி. அந்த மெஷினுக்கு ஏதோ பாகம் வர வேண்டும் என்று நாலு மாதமாகப் பிளக்கைப் பிடுங்கி, உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். எத்தனை கடிதம் எழுதியும் பாகம் வரவில்லை. என் வேலையில் எதுதான் கேட்டவுடன் வந்திருக்கிறது?

பாட்டு நேரத்தை ஆரம்பித்தது நான்தான். நாலு பேரும் மணிக்கணக்கில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, 'தண்ணி குடிக்கலாமா, அரை டம்ளர்?' என்று என் உயிரை எடுப்பார்கள். பொறுக்க முடியாமல் வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்தேன். ஆறு மணியிலிருந்து ஏழு வரை பழைய பாட்டு. ஆளுக்கு ஒரு பாட்டு. சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுப்பேன். பாட்டு ஓடும்போது, கேட்டவர் அந்தப் பாட்டுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதில் வந்த கதைகளைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். லாரி அண்ணனின் டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட் சிக்கிக்கொண்டு, நானூறு மைல் ஒரே பாட்டு. பக்கத்தில் புது மனைவி. "மைல் கல்லை எண்ணல சிஸ்டர், அந்தப் பாட்டைத்தான் எண்ணிக்கிட்டு வந்தோம். ஊர் வந்து சேர்றதுக்குள்ள அவளுக்கு அந்தப் பாட்டும் வெறுத்துப்போச்சு, நானும் வெறுத்துப்போயிட்டேன்" என்பார். கணக்கு வாத்தியார் கணக்கிலேயே ஒரு தடவை கோட்டை விட்டவராம். ரிசல்ட் வந்த அன்று எதிர்வீட்டு ரேடியோவில் ஓடிய பாட்டு அவருடையது. பேக்கரி அக்கா விடியற்காலையில் மாவு பிசையும்போது பக்கத்துக் கடைக்காரர் அவருக்காகவே சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். "அப்புறம் என்னாச்சுக்கா?" என்றேன். "என்ன ஆகும்? ரேடியோ ரிப்பேர் ஆயிடுச்சு. அவர் வாயைத் திறக்கவே இல்ல" என்றார். தையல்காரரின் பாட்டுக்குக் கதையே கிடையாது. தையல் மெஷினைக் கால் மிதிக்கிற வேகமும் அந்தப் பாட்டின் தாளமும் ஒன்று. பாட்டு ஓடினால் போர்வைக்குள் அவர் பாதம் ஆடும்.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

நாலு சீட்டு எடுத்தேன். நாலு பாட்டு போட்டேன். டப்பாவை மூடப் போனால் உள்ளே இன்னொரு சீட்டு.

'படகுப் பாட்டு. பெண் குரல்.'

"யாரு ரெண்டு சீட்டு போட்டது?"

எனக்கு லாரி அண்ணன் மேல்தான் சந்தேகம். "அண்ணே, ஆளுக்கு ஒண்ணுதான்."

"நானா? எனக்குப் படகே ஆகாது சிஸ்டர். வாந்தி வரும்."

"நான் சிஸ்டர் இல்ல. டெக்னீஷியன்."

"சரி சிஸ்டர்."

சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

புதன்கிழமை மறுபடியும் ஐந்து சீட்டு. அதே 'படகுப் பாட்டு'. இந்தத் தடவை கணக்கு வாத்தியாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்துன கண்ணும்மா இது. இது இவங்க யார் கையெழுத்தும் இல்ல. இந்தத் தாளும் நீங்க குடுத்ததில்ல."

உண்மைதான். நான் கொடுப்பது மெஷின் ரிப்போர்ட் தாளைக் கிழித்த வெள்ளைத் துண்டு. இது கோடு போட்ட தாள். ஓரம் பழுப்பேறியிருந்தது.

வெள்ளிக்கிழமை நானே ஒவ்வொருவர் கையிலிருந்தும் சீட்டை வாங்கினேன். எண்ணினேன். நாலு. டப்பாவில் போட்டு, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்குத் திறந்தேன்.

ஐந்து.

எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாக. எரிச்சல்தான் வந்தது. வீட்டில் ஒரு மாமியார், வேலையில் ஒரு சூப்பர்வைசர், இங்கே நாலு பேர். போதாதென்று ஐந்தாவதாக ஒரு விளையாட்டா? "யாரோ எங்கிட்ட வேடிக்கை காட்டுறீங்க. கண்டுபிடிக்கிறேன்" என்று கத்தினேன். வந்து மாட்டியதென்னவோ நான்தான். அன்று முழுவதும் மெஷின்கள் மாறி மாறி அலறின. ஒன்றை அணைத்தால் இன்னொன்று.

அப்போதுதான் வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. ஐந்தாம் படுக்கையின் விரிப்பை நான் இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்புவேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் குழி விழுந்திருக்கும். ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி. நீவி விடுவேன். மறுபடியும் குழி. அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில்தான் எடை பார்க்கிற மெஷின். ஒருநாள் 6.05 க்கு அதைக் கடந்து போனபோது பார்த்தேன். மேலே யாரும் இல்லை.

41.2 கிலோ காட்டியது.

பேட்டரி போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமையும் சீட்டு வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இனிமே பாட்டும் இல்ல, கதையும் இல்ல" என்று ஸ்பீக்கரைப் பையில் போட்டு மூடிவிட்டேன். புதன்கிழமை பாட்டே போடவில்லை. அன்று ஆறிலிருந்து ஏழுக்குள் பதினோரு தடவை அலாரம் அடித்தது. எண்ணி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் காரணம் இல்லை. ஊசி சரி, டியூப் சரி, பிரஷர் சரி. போய்ப் பட்டனை அழுத்துவேன். நாற்காலியில் உட்காருவேன். மறுபடி அடிக்கும்.

பேக்கரி அக்காதான் கடைசியில் சொன்னார். "ஏம்மா, அந்தப் பாட்டைப் போட்டுத்தான் தொலையேன். யார் கேட்டா என்ன? ஒரு பாட்டுதானே."

சரி, போட்டுத் தொலைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை. மணி 6.14. நாலு பேரின் பாட்டும் அப்புறம், முதலில் இந்தச் சனியன் என்று போனை எடுத்தேன். எந்தப் படகுப் பாட்டு என்று யாருக்குத் தெரியும்? இரண்டு மூன்று போட்டுப் பார்த்தோம். இல்லை இல்லை என்றார் அக்கா. "துடுப்புச் சத்தத்தோட ஒண்ணு வருமே... ஒரு பொண்ணு தனியா பாடுமே..." நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பெயின்ட் விளம்பரம். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

6.20 க்குப் பாட்டு ஆரம்பித்தது.

முதலில் தண்ணீரைத் துடுப்பு தள்ளுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல். மெல்லிய குரல். லாரி அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்ல பாட்டுதான். இப்ப சொல்லுங்க, யாரோடது இது?" என்றேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

ஜன்னல் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இந்தப் பாட்டு கேட்டா எனக்கு..."

பெண் குரல். வயதான குரல். தொண்டை கரகரவென்று இருந்தது.

சட்டென்று நாலாம் மெஷினில் அலாரம். போய்ப் பார்த்தேன். ஸ்க்ரீனில் பிரஷர் குறைவு என்று காட்டியது. ஐயா அசைந்தாலே அந்த மெஷின் அப்படிக் காட்டும். பட்டனை அழுத்தினேன். நின்றது.

"அக்கா, நீங்களா பேசினீங்க?"

பேக்கரி அக்கா தலையை ஆட்டினார். இல்லை என்று. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தது.

"இந்தப் பாட்டு கேட்டா எனக்கு..."

அலாரம்.

அழுத்தினேன்.

"இந்தப் பாட்டு கேட்டா..."

அலாரம்.

அழுத்தினேன்.

அப்போது அந்தக் குரல் சலித்துக்கொண்டது. கோபம் இல்லை. அழுகையும் இல்லை. கிட்டத்தட்ட என்னுடைய சலிப்பு மாதிரியே இருந்தது.

"ஒரு தடவையாவது... முழுசா சொல்ல விடுங்களேன்..."

லாரி அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "சிஸ்டர்... ஊசிய எடு. நான் போறேன்."

"பத்து நிமிஷம் ஆகும்ணே."

"எடும்மா!"

"முடியாதுண்ணே!"

வாத்தியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. கதவு எனக்குப் பின்னால் நாலு அடியில். நான் ஓடியிருக்கலாம். அவர்களால் முடியாது. நாலு பேரின் ரத்தமும் என் மெஷினில் ஓடுகிறது. விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் படுக்கையில் குழி விழுந்திருந்தது.

தலையணையிலும்.

"சொல்லுங்க..." என்றேன். "சொல்லுங்கம்மா."

அமைதி.

அலாரம் இல்லை.

துடுப்புச் சத்தம் மட்டும்.

தையல்காரர் ஐயா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதைக் கேட்கிற மாதிரி... "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

போர்வைக்குள் பாதம் ஆடவில்லை.

டொக்...

ஏசி தண்ணீர் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

கீழே பார்த்தேன்.

சிவப்பு.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. போர்வையை இழுத்தேன். ரத்தம் உள்ளே போக வேண்டிய ஊசி கையிலிருந்து கழன்று படுக்கையில் கிடந்தது. மெஷின் அவர் ரத்தத்தை எடுத்து, சுத்தம் செய்து, மெத்தையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அலாரம் சொன்னது பொய் இல்லை. மூன்று தடவை சொல்லியது. மூன்று தடவையும் அதன் வாயை அடைத்தவள் நான்தான்.

பம்ப்பை நிறுத்தினேன். கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன். டாக்டர் வந்தார். சிஸ்டர்கள் வந்தார்கள். யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள். முக்கால் லிட்டர் போயிருக்கும் என்றார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் என்றால் ஆள் இல்லை.

ஐயா பிழைத்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கியபின் மணி 7.50 க்குத் தரையைத் துடைக்க வந்த அம்மா என்னைக் கூப்பிட்டு ஒன்று காட்டினார். ஊசியைக் கையோடு சேர்த்து நாலு துண்டு டேப் ஒட்டுவேன். கழன்றால் சுருண்டு போர்வையில்தான் ஒட்டியிருக்கும். அந்த நாலு துண்டும் ஐந்தாம் படுக்கையின் கம்பியில் இருந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஐயாவின் கை அங்கே எட்டாது.

விசாரணை வைத்தார்கள். காரணம் எழுதிக் கொடு என்றார்கள். என்ன எழுதுவது? நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள். லாரி அண்ணன் ஆஸ்பத்திரியையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். வாத்தியார், "எனக்கு ஒண்ணும் கேக்கல, கண்ணை மூடியிருந்தேன்" என்றார். கண்ணை மூடினால் காது அடைத்துக்கொள்ளுமா சார் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. அக்கா மட்டும், "நான் வேணா சொல்றேம்மா" என்றார். அவரையும் பைத்தியம் என்பார்கள். கடைசியில், 'டேப் சரியாக ஒட்டவில்லை, தவறு என்னுடையது' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அலாரத்தை அணைத்தது என் தவறு. அதை ஆயிரம் தடவை ஒப்புக்கொள்வேன். ஆனால் டேப்பை நான் ஒழுங்காகத்தான் ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து வார்டில் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி விஷயத்தில் கோபம் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்க ஐயா."

"அதுக்கில்லம்மா." "பக்கத்துப் படுக்கை அம்மா என் கையப் புடிச்சு டேப்ப எடுத்தாங்க. ஒண்ணு ஒண்ணா. வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். எனக்கும் வலிக்கலைன்னாங்க. குளிரும், அப்புறம் தூக்கம் வரும், அவ்வளவுதான்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"அந்தப் பாட்டப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நல்ல கதைம்மா. பாதிதான் ஆச்சு..." என்னை முறைத்தார். "நீ வந்து கத்திட்ட."

அந்தப் பாதியையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொல்லவில்லை. "முழுசா தெரியாம எப்படிச் சொல்றது?" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

மனசு கேட்காமல், ஓய்வு பெற்றுப் போன பழைய சிஸ்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அந்த யூனிட் திறந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். வாசலில் வைத்தே எல்லாவற்றையும் கொட்டினேன். படகுப் பாட்டு என்றதும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்த அம்மா அவங்க. அந்த ஜன்னலோரப் படுக்கைதான். ஊர்ல இருக்கறவங்க பேச்சுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவங்க. அவங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்க. பார்க்கவும் ஆள் வர மாட்டாங்க. அப்ப நாங்க ஒரு டேப் ரிக்கார்டர் வெச்சிருந்தோம். பதினாலு வருஷம் ஆச்சு. ஒருநாள் அவங்களா வாயத் தொறந்து ஒரு பாட்டு கேட்டாங்க. போட்டேன். 'இந்தப் பாட்டு கேட்டா எனக்கு'ன்னு ஆரம்பிச்சவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க. போர்வைக்குள்ள ஊசி கழண்டது எனக்குத் தெரியல..."

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழைய ஞாபகத்துல மூழ்கிட்டாங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு எல்லாரும் பேசாம இருந்தோம். பாட்டு முடிஞ்சுது. அவங்க இன்னும் சொல்லி முடிக்கலையேன்னு ரீவைண்ட் பண்ணி மறுபடியும் போட்டேன். அந்தம்மா எதிர்ல உக்காந்து... மூணு தடவை போட்டேன்."